சும்மா இருப்பதாகச் சொன்னவர்கள்

அப்பு,

நீ போன் செய்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "அம்மா, அடுத்த வாரம் மதுரைக்கு வந்துடு. வாய்க்கால் ஓரத்து ஜனங்களக் கூட்டி ஒரு கூட்டம் போடுறோம். நாங்க சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. நீ வந்து நாலு வார்த்தை பேசு, நீ சொன்னா கேப்பாங்க" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை. அன்றைக்கு நான் பாலே வாங்கவில்லை.

போனில் பேசினால் நீ நடுவில் நடுவில் "அது அப்படி இல்லம்மா" என்பாய். நீ படித்தவன், எனக்கு அதற்கு மேல் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுவது முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. உன் அப்பா இருந்திருந்தால் நான் சொல்லச் சொல்ல அவரே எழுதியிருப்பார். அவர் கையெழுத்து அழகு. இப்போது நான்தான் எழுதவேண்டும்.

கூட்டத்தில் என்ன பேசவேண்டும் என்றும் நீயே சொல்லிக்கொடுத்தாய். நாங்களும் உங்களைப் போல ஆற்றங்கரையில் குடிசை போட்டுக் கிடந்தவர்கள்தான், அரசாங்கம் வீடு கொடுத்தது, அந்த வீட்டில் உட்கார்ந்து படித்துத்தான் என் பிள்ளை இஞ்சினியர் ஆனான், இன்றைக்கு உங்களுக்கு வீடு கட்டித்தர அவனே வந்திருக்கிறான். அவ்வளவுதான் நீ கேட்டது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பொய்யாக இருந்தால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எல்லாம் உண்மையாக இருப்பதால்தான் பயமாக இருக்கிறது.

கும்பகோணத்தில் அரசலாற்றங்கரையில் நாம் இருந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அதை நான் சொர்க்கம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். பொம்பளைகள் எல்லாரும் விடிவதற்கு முன்னால் கரையோரம் போய் வந்துவிடவேண்டும், விடிந்துவிட்டால் பொழுது சாயும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். அதற்காகவே நாங்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். ஐப்பசியில் ஆறு ஏறினால் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்போம். ஒரு மழையில் நம் வீட்டு மண்சுவர் உள்பக்கமாகவே சரிந்தது. நீ எப்போதும் தலைவைத்துப் படுக்கிற மூலை அது. அன்றைக்கு நீ காய்ச்சலில் என் மடியில் படுத்திருந்ததால் தப்பினாய். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு உன் அப்பா வெளியே போய் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். வீடு தருகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவர்தான். இதை நீ மறக்கவேண்டாம். நம்மை யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

ஆனால் கரையில் எங்களுக்கு வேலை இருந்தது, அப்பு. சமையல் மாஸ்டர் பக்கிரி அண்ணனை உனக்குத் தெரியும். சாயங்காலம் மண்டபத்தில் காய்கறி வந்து இறங்கின பிறகுதான் நாளைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று அவருக்கே தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஆற்றுப் பாலத்துக்கு வந்து மணியை அடிப்பார். யார் முதலில் படியேறி வருகிறாளோ அவளுக்கு வேலை. காய் நறுக்க, தேங்காய் துருவ, இலை எடுக்க, அண்டா தேய்க்க. முகூர்த்த மாதங்களில் கரையில் ஒரு பொம்பளையும் வீட்டில் இருக்கமாட்டாள். மண்டபம் கூப்பிடு தூரம். ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் நடுவில் நான் ஓடி வந்து உன்னையும் அப்பாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, தூக்குவாளியில் சாம்பாரை வைத்துவிட்டு ஓடுவேன். உன் அப்பா வெற்றிலை மண்டியில் இலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார். யானைக்கால் வந்த காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற வேலை. காலை இழுத்து இழுத்து நடந்தாலும் மண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான். இப்போது உனக்கு இருக்கிற வயதுதான் இருக்கும். வீடு வீடாகக் குனிந்து நுழைந்து, என்ன வேலை, எங்கே வேலை, எப்போது போவீர்கள் என்று பொறுமையாகத்தான் கேட்டான். எங்களுக்குள் அதற்கு முன்பே ஒரு பேச்சு ஓடிவிட்டது. சம்பாதிக்கிறோம் என்று சொன்னால் வீடு கிடைக்காது, இல்லாதவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. எல்லாரும் நம்பினோம். தனம் அத்தை அப்போதுதான் தேங்காய் துருவிவிட்டு வந்திருந்தாள். கையெல்லாம் பூ ஒட்டியிருந்தது. "நான் வீட்டுல சும்மாதான் இருக்கேன் சார்" என்றாள். அவன் அவள் கையைப் பார்த்தான். "சும்மா இருக்குற கையாக்கா இது?" என்றான். "எங்க வீட்டு சட்னிக்குத் தம்பி" என்றாள் தனம், கூசாமல். "உங்க வீட்ல நானூறு பேரா?" என்று அவன் கேட்க, நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் சொன்னதையே எழுதிக்கொண்டு போனான். உன் அப்பா காலைக் காட்டி, "இத வச்சுக்கிட்டு நான் என்ன வேலைங்க செய்யறது" என்றார். நான் தலையை ஆட்டினேன். கரையில் ஒருத்தர் விடாமல் சும்மா இருப்பதாகச் சொன்னோம்.

வீடு கிடைத்தது. ஊருக்கு வெளியே வயலைத் தூர்த்துக் கட்டிய வீடு. குலுக்கலில் நமக்கு மூன்றாவது மாடி விழுந்தது. இவர் காலைப் பார்த்தாவது மாற்றிக்கொடுங்கள் என்று அங்கே இருந்த அதிகாரியம்மாவிடம் கேட்டேன். "நான் ஒருத்தருக்கு மாத்துனா, காசு வாங்கிக்கிட்டு மாத்துனேன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்கம்மா" என்றார். அவர் சொன்னதும் சரிதான், நாங்கள் சொல்லியிருப்போம். முதல்நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். கதவு, தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர். அழுகை வந்தது. நீ அன்றைக்கே ஜன்னலோரம் டியூப்லைட்டுக்குக் கீழே இடம் பிடித்துப் புத்தகத்தை அடுக்கினாய். பரீட்சை சமயத்தில் ஆறு ஏறுமா, சுவர் நிற்குமா என்ற கவலை எனக்கு அதற்கு அப்புறம் வந்ததே இல்லை. அந்த மூன்றாவது மாடி இல்லாமல் நீ இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

உன் அப்பாவால் படியேறி இறங்க முடியவில்லை. மண்டிக்காரர் நல்லவர், வெற்றிலையை வீட்டுக்கே கொடுத்துவிட்டார். நீ சைக்கிளில் வாழைமட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாய். ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு, மத்தியானம் சூடு இறங்கும். குடிசையில் கீற்றுக்கு அடியில் இரண்டு நாள் இருக்கிற வெற்றிலை இங்கே சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. ஈரத்துணி போட்டுப் பார்த்தார். தரையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். அழுகின வெற்றிலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "சிமெண்டுக்கும் வெத்தலைக்கும் ஆகாது போல இருக்கு" என்று சிரித்தார். அதற்கப்புறம் மண்டிக்காரர் அனுப்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. உன் அப்பா ஜன்னலோரம் நீ படிக்கிற இடத்தில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். நீ வந்ததும் எழுந்து இடம் கொடுப்பார். அந்த இடத்தில் இரண்டு பேரும் முறைவைத்து உட்கார்ந்தீர்கள். நீ மேலே போனாய். அவர் வேலை இல்லாமல் ஒடுங்கிப்போனார். இரண்டும் ஒரே வீட்டில்தான் நடந்தது, அப்பு. இதில் எதை மட்டும் நான் மதுரையில் சொல்வது?

மண்டப வேலையும் அப்படித்தான் ஆனது. பக்கிரி அண்ணன் இவ்வளவு தூரம் வந்து மணி அடிக்க முடியுமா? எல்லாரிடமும் போன் இருக்கிறது, ஆனால் போனில் கூப்பிட்டு ஒருத்தி மெயின் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் காய் நறுக்கி முடிந்துவிடும். நாங்கள் எல்லாரும் சேர்ந்து வீடு கொடுத்த ஆபீசுக்குப் போய், விடியற்காலையில் ஒரு பஸ் விடுங்கள் என்று கேட்டோம். அங்கே இருந்த பெரியவர் மரியாதையாகத்தான் உட்காரவைத்துப் பேசினார். "வேலைக்குப் போறவங்களே இல்லன்னுதானேம்மா நீங்க சொல்லியிருக்கீங்க. யாருக்காக நான் அந்த நேரத்துல பஸ் கேக்கறது?" என்றார். தனம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தாள். வேலை இருக்கிறது என்று இப்போது சொன்னால், கொடுத்த வீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கே பஸ் வந்தது, பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை என்றும் ஆனது. அது எங்களுக்குப் பெரிய உபகாரம். ஆனால் முதல் பஸ் வரும்போது மண்டபத்தில் இட்லி வெந்து இறங்கியிருக்கும்.

ஒருநாள் வழியில் பார்த்தபோது பக்கிரி அண்ணன், "என்னங்கம்மா, மாடி வீட்டுக்காரங்களெல்லாம் அண்டா தேய்க்க வருவீங்களா இனிமே?" என்று கிண்டல் செய்தார். தனம் விடவில்லை. "மாடியிலேருந்து அண்டாவுக்குள்ளயே குதிச்சு வாரோம் மாஸ்டர், நீங்க அடுப்ப மட்டும் அணைச்சு வைங்க" என்றாள். சிரித்துப் பேசி அன்றைக்கு ஒரு ஏற்பாடு ஆனது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கடைசி பஸ்ஸில் வந்து மண்டபத்துப் பின்கட்டிலேயே படுத்துக்கொள்வது, மறுநாள் வேலை முடிந்து திரும்புவது. அப்படித்தான் நானும் தனமும் இத்தனை வருஷம் ஓட்டினோம். அப்படி ஓட்டின காசில்தான் நீ ஹாஸ்டலில் சாப்பிட்டாய். அப்படிப் போயிருந்த ஒரு ஆவணி முகூர்த்தத்தன்றுதான் உன் அப்பா போனார்.

இதை உன்னிடம் முழுசாக நான் சொன்னதில்லை. நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முதல் பந்தி எழுந்து இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கைத்தடியால் தரையைத் தட்டியிருக்கிறார். கீழ்வீட்டு டெய்லர் தம்பி சத்தம் கேட்டு ஏறி வந்து பார்த்திருக்கிறான். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. படிதான் குறுகல். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். கனமான மனுஷன், வீங்கின கால் வேறு. அவர்கள் பதறியபோது அவர் சொன்னாராம், "மெதுவா தூக்குங்கப்பா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று. டெய்லர் தம்பி அழுதுகொண்டே அதைச் சொன்னான். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. அவர் குரலிலேயே காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண் என் தோளைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது என் கையில் மஞ்சள்தூளும் சாம்பார் வாசனையுமாக இருந்தது. அந்தக் கையோடுதான் அவர் முகத்தைத் தொட்டேன்.

அந்த "கொஞ்சம் முன்னாடி"யைத்தான் நான் வருஷம் திரும்பப்போகிற இந்த நாள்வரைக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கரையிலேயே இருந்திருந்தால் பந்திக்கு நடுவில் ஓடிப் பார்த்திருப்பேன். ஆனால் கரையில் நம் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது, பாலம் வரைக்கும் தூக்கித்தான் போகவேண்டும். மண்டியில் வேலை இருந்திருந்தால் அவர் நாள் முழுக்க அப்படி உட்கார்ந்து உடம்பு கெட்டிருக்காது. ஆனால் அந்தச் சுவர் இன்னொரு மழையில் யார் மேலாவது விழுந்திருக்கலாம். ஒரு பக்கம் யோசித்தால் உடனே மறுபக்கம் எதிரில் வந்து நிற்கிறது. தனத்திடம் சொன்னால், "விதிக்கா, விடு" என்கிறாள். அவளுக்கு விதி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எனக்கு அதுவும் போதவில்லை.

அன்றைக்கு போனில் நீ கொஞ்சம் கோபமாகவே கேட்டாய், "அரசாங்கம் இவ்வளவு கொட்டுதேம்மா, அப்புறமும் ஏன் ஜனங்க நம்ப மாட்டேங்குறாங்க? வீடு கொடுத்தா வறுமை போயிடும்தானே?" என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன் உடம்பில் பாதி அரசாங்கத்துச் சோறு. ரேஷன் அரிசி, பள்ளிக்கூடத்து முட்டை, சைக்கிள், காலேஜ் பணம். அரசாங்கம் செலவழிக்காமல் இருந்திருந்தால் நீயும் இப்போது பாலத்தில் யாராவது மணி அடிக்கமாட்டார்களா என்று நின்றுகொண்டிருப்பாய். ஆகவே அந்தக் காசு வீண் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்தக் காசு எங்களுக்குச் சுவர் கொடுத்தது, கூரை கொடுத்தது, வேலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தூரத்தையும் கொடுத்துவிட்டது. இந்த ஊரும் முன்னைப் போல இல்லை. புது மண்டபமெல்லாம் பைபாஸில் வருகிறது, காய் நறுக்க மெஷின் வந்துவிட்டது, நாச்சியார்கோவில் பக்கத்துப் பொம்பளைகள்கூட எங்களோடு போட்டிக்கு வந்து நிற்கிறார்கள். படித்த பிள்ளைகள் உன்னைப்போல வெளியூர் போய்விட்டார்கள். இருக்கிற கொஞ்ச வேலையும் நகர்ந்துகொண்டே இருக்கிற ஊரில் வீடு மட்டும் நகராமல் நின்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கலாம்.

மதுரைப் பொம்பளைகளை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்களும் இந்நேரம் சும்மா இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருக்கிறார்களா இல்லையா, நீயே பார். அவர்கள் கையைப் பார். மல்லிகை கட்டுகிற கையா, மாவு ஆட்டுகிற கையா, துணி துவைக்கிற கையா என்று தெரியும். எத்தனை மணிக்கு எழுந்து எங்கே போகிறார்கள் என்று விடியற்காலையில் போய் நின்று பார்த்தால் தெரியும். உங்கள் கட்டிடம் எழும்புவதற்கு முன்னால் பார்த்துவிடு. எழும்பின பிறகு படியை அகலமாக்க முடியாது, கட்டிடத்தை ஊருக்குப் பக்கத்தில் தள்ளிவைக்க முடியாது. இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னொரு பயம் வருகிறது. நான் போய் "உண்மையைச் சொல்லுங்கம்மா, வேலை இருக்குன்னு சொல்லுங்க" என்று அவர்களிடம் சொல்லி, அதைக் கேட்டு உன் மேலதிகாரி வீடு இல்லை என்று சொல்லிவிட்டால்? நீ புது ஆள். உன் பேச்சு அங்கே எவ்வளவு எடுபடும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

வருகிறேன், அப்பு. நீ கூப்பிட்டு நான் வராமல் இருக்கமாட்டேன். தனமும் துணைக்கு வருகிறாள். அவளைப் பேசவிடாதே, உன் மேலதிகாரியையே சிரிக்கவைத்துவிடுவாள். நீ சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன், உன் படிப்பைச் சொல்வேன், தாழ்ப்பாளைச் சொல்வேன். மண்டபத்தையும் வெற்றிலையையும் சேர்த்தே சொல்வேன். அதனால் உனக்கு ஏதாவது கெட்டபெயர் வருமென்றால், இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். உன் முதல் வேலை என் வாயால் கெடவேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

ஆனால் ஒன்று. நம்மைப் போன்ற பொம்பளைகள் ஒருத்தி பேசி முடித்ததும் திட்டத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். நெற்றியைப் பார்ப்பார்கள். கழுத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் கூட்டத்தில் யாராவது ஒருத்தி எழுந்து, மைக் இல்லாமலேயே, "உங்க வீட்டுக்காரரு எப்பக்கா போனாரு?" என்று கேட்பாள். நான் சொல்வேன், மறைக்கமாட்டேன். கேட்டுவிட்டு அவள் உட்காரமாட்டாள். இடுப்பில் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு, தன் புருஷனை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த ஆத்தங்கரையிலேயே இருந்திருந்தா, அவரு இருந்திருப்பாரா?" என்று கேட்டால், உங்கள் அதிகாரிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும், அப்பு?